குரக்கன் ரொட்டியும் குரக்கன் பாணும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறி, றிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவலப் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் தாண்டிக் கீழிறங்கும் வீதி லக்கலப் பிரதேசத்தைச் சென்றடைகின்றது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடு. மறுபுறம் வயலும் மரக்கறித் தோட்டமும். இப்பகுதிக் கமக்காரர் நெல்லை விளைவிக்கின்றனர்; கத்தரி, மிளகாய், போஞ்சி முதலியவற்றையும் விளைவிக்கின்றனர். ஆயினும் விடியற்காலையில் அவர்தம் வீட்டு வாயிலில் இசையெழுப்பிக்கொண்டு வந்து நிற்பது பாண் விற்கும் முச்சக்கர வண்டியே. "சூன் பாண்" என மக்கள் அழைக்கும் அவ்வண்டியின் ஒலி கேட்டதும், சிறுவர் காசுடன் ஓடுகின்றனர். வெண்ணிறப் பாண் இரண்டு துண்டும், சீனியிட்ட தேநீர் ஒரு கோப்பையும் உண்டபின் பிள்ளைகள் பாடசாலைக்கும், பெற்றோர் வயலுக்கும் செல்கின்றனர்.

உணவை விளைவிப்போர் தம் முதல் உணவை விலைகொடுத்து வாங்குவது ஏன்? இவ்வினா என்னை நெடுநாள் உறுத்திற்று. கோதுமை நம் நாட்டில் விளைவதன்று. முழுவதும் கப்பலேறி வருவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் எவ்வளவு உயர்ந்தன என்பதை எவரும் மறந்திலர். அந்நாட்களில் தம் வீட்டுப் பரணில் ஒரு மூடை குரக்கன் வைத்திருந்தோர் காலை உணவுக்காகக் கலங்கவில்லை.

எனவே, குரக்கனைக் கொண்டு குடும்பத்திற்கு வேண்டிய காலை உணவை எளிதில் ஆக்கும் முறையையும், அதற்கு வேண்டிய தானியத்தைச் சிறு நிலத்தில் விளைவிக்கும் முறையையும் ஈண்டு விளக்குவோம்.

ஓட்சும் குரக்கனும்

அண்மைக் காலமாகச் சிகிச்சை நிலையங்களுக்குச் சென்று வரும் கமக்காரர் பலர், "ஓட்ஸ் உண்ணும்படி சொன்னார்கள், அது எங்கே விளைகின்றது, ஐயா?" என என்னிடம் வினவியுள்ளனர். ஓட்ஸ் குளிர்நாட்டுத் தானியமாகும். உருசியா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் அது பெரும்பரப்பிற் பயிராகின்றது. அதிலுள்ள பீற்றா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் நீரிற் குழைந்து பசைபோலாகி, இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலைக் குறைக்க உதவுகின்றது. ஆகவே ஓட்ஸ் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. வாங்கும் வசதியுடையோர் அதனை உண்ணலாம்.

ஆனால் வசதியற்றோர் மனந்தளர வேண்டியதில்லை. குரக்கனில் அந்தப் பசைநார் ஓட்சில் உள்ளதுபோல் மிகுதியாக இல்லை என்பது உண்மையே. எனினும் மொத்த நார்ப்பொருளைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தன. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 11 கிராம் நார்ப்பொருள் உண்டு. வெண்ணிறக் கோதுமை மாவில் ஏறத்தாழ 3 கிராமே உண்டு. சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியத்தில் குரக்கனுக்கு நிகரான தானியம் வேறில்லை. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் அடங்கியுள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவினதே. பசும்பாலிலும் 100 கிராமுக்கு 120 மில்லிகிராம் அளவே உண்டு. குரக்கனிலுள்ளது முழுவதும் உடலிற் சேர்வதில்லையாயினும், வளரும் பிள்ளைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இத்தானியம் எத்துணைப் பயனுடையது என்பதை இவ்வெண்களே காட்டும்.

தமிழ்நாட்டில் கேழ்வரகு எனப்படுவதும் இக்குரக்கனே. கிழக்காபிரிக்க மேட்டுநிலங்களில் முதன்முதற் பயிராகிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் பக்கம் வந்தது. தாவரவியலார் இதற்கு இட்ட "எலுசின் கொரகானா" என்னும் பெயரின் பிற்பகுதி, இலங்கையில் வழங்கும் குரக்கன் என்னும் சொல்லிலிருந்தே எடுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களின் ஆண்டாகக் கொண்டாடியது. உலகம் போற்றும் தானியத்தை நம் பரணிலிருந்து நாமே இறக்கி விடலாகாது.

ஒரு பெரியவரின் விதைக் கதிர்கள்

களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டு நீர் நிரப்பத் தொடங்கியபோது, பழைய லக்கல - பல்லேகம நகர் நீரில் மூழ்கியது. மக்கள் புதிய நகருக்கும் புதிய குடியேற்றங்களுக்கும் இடம்பெயர்ந்தனர். நீர்ப்பாசன வசதி பெற்ற நிலத்தில் நெல் முதன்மை பெற்றது. மழையை நம்பிக் குரக்கனும் சோளமும் விதைத்த சேனைகள் பல கைவிடப்பட்டன.

அவ்வாறு இடம்பெயர்ந்தோருள் ஒரு முதியவரை விரிவாக்கல் வகுப்பொன்றிற் கண்டேன். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, இளவயதில் லக்கலவில் மணம் முடித்துக் குடியேறியவர் அவர். நீரிழிவு நோயால் வருந்தினார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, அடுப்பின் மேலே புகைபடும்படி கட்டியிருந்த ஒரு கட்டுக் குரக்கன் கதிரைக் காட்டினார்.

"ஐயா, வீட்டை விட்டு வரும்போது இதை மட்டும் மறவாமல் எடுத்து வந்தேன். என் மாமியார் கைவிதை. மூன்று வருடமாக விதைக்கவில்லை. மகன் நெல்லைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு இது என்னவென்றே தெரியாது. இனி முளைக்குமா?" என்றார்.

"பெரியவரே, சோதித்துப் பார்த்துவிடலாம்" என்றேன். 100 விதைகளை எண்ணி, ஈரத்துணியிற் பரப்பிச் சுருட்டி, தினமும் நீர் தெளிக்கும்படி கூறி வந்தேன். ஐந்தாம் நாள் சென்று துணியை விரித்தோம். பாதிக்கு மேல் முளைத்திருந்தன. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. முளைகளை மும்முறை எண்ணினார். இன்னும் ஓரிரண்டு வருடம் கடந்திருப்பின் அவ்விதையும், அவ்வீட்டில் அதனை ஆக்கத் தெரிந்த கைகளும் ஒருங்கே மறைந்திருக்கும். நம் ஊர்களில் இன்னும் எத்தனை வீடுகளில் இத்தகைய கதிர்க்கட்டுகள் காத்திருக்கின்றனவோ!

எவ்வளவு நிலம் வேண்டும்?

ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று வாரத்தில் மூன்று நாள் குரக்கன் ரொட்டி உண்பதாகக் கொள்வோம். ஆளொருவருக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் மா போதுமெனின், ஒரு வேளைக்கு 300 கிராமும், வருடத்திற்கு ஏறத்தாழ 47 கிலோகிராமும் வேண்டும். நடுத்தர விளைச்சலாக ஏக்கருக்கு 400 கிலோகிராம் கிடைப்பினும், அரைக்கால் ஏக்கரில், அதாவது 20 பேர்ச் நிலத்தில், 50 கிலோகிராம் தானியம் பெறலாம். இது மரக்கறித் தோட்டத்தின் ஒரு மூலையே.

இதற்கெனக் காட்டை வெட்டுதல் கூடாது. நக்கிள்ஸ் காடு 2010ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமையாக விளங்கும் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். களுகங்கைக்கு நீர் தருவதும் அக்காடே. வீட்டுக்கு அண்மையிலுள்ள மேட்டுநிலமே குரக்கனுக்குத் தக்கது. தக்காளி, கத்தரி, மிளகாய் என்பவற்றைத் தொடர்ந்து நட்டுப் பற்றீரியா வாடல் நோய் கண்ட பாத்திகளில், இடையில் ஒரு போகம் குரக்கனை விதைத்தல் பயிர்ச்சுழற்சிக்கும் உதவும். அந்நோய்க் கிருமிக்குத் தானியப் பயிர்கள் இடங்கொடுப்பதில்லை.

பயிரிடும் முறை

பெரும்போக மழை தொடங்கும் காலமே விதைப்பதற்கு ஏற்றது. நிலத்தை நன்கு கொத்திக் கட்டிகளை உடைத்துத் தூளாக்குக. விதை மிகச் சிறியதாதலால் கட்டி மண்ணின் கீழ் அகப்பட்டால் வெளிவராது. 20 பேர்ச் நிலத்திற்கு அரைக் கிலோகிராம் விதை தாராளமாகப் போதும். ஓரடி இடைவெளியில் வரிசை கீறி, உலர்ந்த மணலுடன் விதையைக் கலந்து, அரை அங்குல ஆழத்திற்கு மேற்படாமல் தூவி, மெல்லிய மண்ணால் மூடுக. இரண்டு வாரத்தின்பின் நான்கங்குலத்திற்கு ஒரு செடி நிற்கும்படி கலைத்துவிடுக. கலைத்த நாற்றை வெற்றிடங்களில் நடலாம்.

முதல் ஒரு மாதத்தில் களை கட்டுதலே விளைச்சலைத் தீர்மானிக்கும். எரிபந்த நோய் தோன்றக்கூடுமாகையால், நோயற்ற கதிரிலிருந்தே விதை எடுத்தல் வேண்டும். கைவிதை இல்லாதோர் விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த ராவண, ரவி, ஓஷத முதலிய இனங்களைப் பற்றித் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரிக்கலாம்.

மூன்று முதல் மூன்றரை மாதத்தில் கதிர்கள் கபிலநிறமடையும். எல்லாம் ஒருங்கே முற்றுவதில்லை. ஆதலால் இரண்டு மூன்று முறையாகக் கொய்தல் நன்று. கொய்த கதிரை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, தடியால் அடித்து, சுளகிற் புடைத்தெடுக்கவும். நன்கு காய்ந்த குரக்கனை வண்டு எளிதில் அண்டாது. பல வருடம் கெடாதிருக்கும் இவ்வியல்பினாலேயே பஞ்சகாலத் தானியமென முன்னோர் அதனைப் போற்றினர்.

தானியத்தைத் துப்புரவு செய்தலும் அரைத்தலும்

குரக்கன் ரொட்டியைப் பிள்ளைகள் வெறுப்பதற்கு முதற்காரணம் அதன் நிறமன்று. பல்லில் நெறுநெறுக்கும் மணலே. கதிரடிக்கும் களத்திற் பாய் விரித்தால் இக்குறை பாதி நீங்கும். பின்னர் தானியத்தை நீரிலிட்டுக் கழுவி, மேலே மிதக்கும் பதரை அகற்றி, அரிசி அரிப்பதுபோல் அரிக்கன் சட்டியில் அரித்து மணலைக் கீழே தங்கவிடவும். அதன்பின் ஒரு நாள் முழுவதும் வெயிலிற் காயவைக்கவும்.

மாவை மிக நுண்மையாக அரைத்தல் வேண்டா. நுண்ணிய மா விரைவிற் செரித்து இரத்தத்திற் சீனியை விரைவில் ஏற்றும். சற்றுத் தரதரப்பான மா மெதுவாகச் செரிக்கும். திரிகையில் அரைத்த மாவின் சிறப்பு இதுவே. ஆலையில் அரைப்போர், சிறிது பருமனாக அரைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். உமிநீக்கும் வேலை குரக்கனில் இல்லையாதலால், தோலும் முளையும் மாவிலேயே சேர்கின்றன. முளையிலுள்ள எண்ணெய் நாளடைவிற் காறல் வாடை தரும். ஆகவே இரண்டு வாரத்திற்கு வேண்டிய அளவே அரைத்து, மூடியுள்ள பேணியில் வைத்துக்கொள்க.

ரொட்டி சுடும் முறை

ஐவருக்கு வேண்டியவை: குரக்கன் மா 300 கிராம், தேங்காய்ப்பூ அரைமூடியளவு, சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை சிறிது, உப்பு ஒரு தேக்கரண்டி, கொதிநீர் வேண்டிய அளவு.

வெங்காயத்தையும் மிளகாயையும் நுண்ணிதாக அரிந்து, மாவுடனும் தேங்காய்ப்பூவுடனும் உப்புடனும் கலக்கவும். கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அகப்பைக் காம்பினாற் கிளறவும். இங்கே கொதிநீர் இன்றியமையாதது. கோதுமை மாவிற் பிசுபிசுப்புள்ள ஒரு புரதம் இருப்பதால் அது தானே ஒட்டிக்கொள்ளும். குரக்கனில் அப்புரதம் இல்லை. கொதிநீர் பட்டு மாப்பொருள் வெந்து பசையானால்தான் ரொட்டி வெடிக்காமல் ஒன்றுசேரும். கைபொறுக்கும் சூட்டிற் பிசைந்து, ஈரத்துணியால் மூடிப் பத்து நிமிடம் வைக்கவும்.

பின்னர் பத்து உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையிற் கால் அங்குலத் தடிப்பில் தட்டவும். சூடேறிய தோசைக்கல்லில் இலையோடு கவிழ்த்து, இலை வாடியதும் உரித்தெடுக்கவும். மிதமான நெருப்பில் மூடிவைத்து, பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடம் சுடவும். நெருப்பு மிகுந்தால் வெளியே கருகி உள்ளே பச்சைமா தங்கும். அதனை உண்டவர் வயிறு கனக்கின்றது எனக் குரக்கனையே குறைகூறுவர்.

பாண் சுடும் முறை

பாண் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுள்ள வீட்டில் ரொட்டி மட்டும் போதாது. பாணையே குரக்கனாற் சுட இயலுமா என முயன்றேன். முதன்முறை குரக்கன் மாவும் கோதுமை மாவும் சமபங்கிற் சேர்த்தேன். போறணையிலிருந்து வெளிவந்தது பாணன்று, செங்கல். வீட்டார் சிரித்துத் தீர்த்தனர். காரணம் முன்னர்க் கூறியதே. ஈஸ்ட் எழுப்பும் காற்றைப் பிடித்து வைத்திருப்பது கோதுமையின் பிசுபிசுப்பே. அது குறைந்தால் காற்று வெளியேறிப் பாண் அமிழ்ந்துவிடும். பின்னர்ப் பங்கைக் குறைத்துக் குறைத்துச் சுட்டதில், பத்திற்கு மூன்று பங்கு குரக்கனே ஏற்றதெனக் கண்டேன்.

வேண்டியவை: கோதுமை மா 350 கிராம், குரக்கன் மா 150 கிராம், ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, இளஞ்சூட்டு நீர் ஏறத்தாழ 330 மில்லிலீற்றர். பாணுக்குரிய குரக்கன் மாவை மட்டும் அரிதட்டில் அரித்துக்கொள்க. ஓட்ஸ் கைவசமுள்ளோர் குரக்கன் மாவில் 50 கிராமைக் குறைத்து, அவ்வளவு ஓட்சை நீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். ஊறவைத்த நீரையும் 330 மில்லிலீற்றரிற் கணக்கிடுக.

1. ஈஸ்டையும் சீனியையும் ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரிற் கரைத்துப் பத்து நிமிடம் வைக்கவும். நுரை எழாவிடின் ஈஸ்ட் பழுதானது. மாவை வீணாக்க வேண்டாம்.

2. மாக்களையும் உப்பையும் கலந்து, ஈஸ்ட் நீரையும் எஞ்சிய நீரையும் ஊற்றிப் பிசையவும். இறுதியில் எண்ணெய் சேர்க்கவும். உள்ளங்கையால் தள்ளியும் மடித்தும் பத்து நிமிடத்திற்குக் குறையாமற் பிசைதல் வேண்டும். மா சற்று ஒட்டுந்தன்மையுடன் இருப்பதே நன்று. குரக்கன் நீரை மெதுவாகக் குடிக்குமாதலால், மேலும் மா தூவுதல் தவறு.

3. ஈரத்துணியால் மூடி, இருமடங்காகும்வரை வைக்கவும். கீழ்நாட்டு வெப்பத்தில் ஒரு மணிநேரமும், மலைப்பக்கக் குளிரில் இரண்டு மணிநேரமும் செல்லலாம். மணிக்கூட்டைப் பாராது மாவையே பார்க்க.

4. காற்றை அமுக்கி நீக்கி, நீளவாக்கில் உருட்டி, எண்ணெய் தடவிய தகரத்திலிட்டு, மேலும் அரை மணிநேரம் முதல் முக்கால் மணிநேரம் வரை எழவிடவும்.

5. 200 பாகை சென்ரிகிரேட் வெப்பமுள்ள போறணையில் 35 நிமிடம் சுடவும். தகரத்திலிருந்து எடுத்து அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுப் பெட்டியின் ஒலி கேட்க வேண்டும். ஆறியபின்னரே வெட்டுக.

போறணை இல்லாதோர் தடித்த பெரிய பானையொன்றில் ஓரங்குல உயரத்திற்கு உலர்மணல் பரப்பி, அதன்மேல் மூன்று கற்களை வைத்து, மூடி, கால் மணிநேரம் சூடேற்றவும். பாண் தகரத்தைக் கற்களின்மேல் வைத்து மூடி, தட்டையான மூடியின்மேல் தணல் பரப்பவும். மேலும் கீழும் வெப்பம் பெற்று, ஏறத்தாழ 50 நிமிடத்திற் பாண் வெந்துவிடும். கீழ்நெருப்பு மிதமாகவும் மேல்தணல் மிகுதியாகவும் இருத்தல் நலம். மாலையிற் சுட்டு வைத்தால் மறுநாட் காலையில் வேலையில்லை.

உடன் உண்ணத்தக்கவை

குரக்கனில் இரும்புச்சத்தும் உண்டு. ஆயினும் அதன் தோலிலுள்ள துவர்ப்புப் பொருள் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. தேநீரின் துவர்ப்பும் அவ்வாறே. ஆதலாற் காலை உணவோடு சாயத் தேநீர் அருந்தும் பழக்கத்தை மாற்றி, ஒரு மணிநேரம் சென்றபின் அருந்துதல் வேண்டும். தேசிக்காய்ப்புளி விட்ட தேங்காய்ச் சம்பல், வல்லாரைச் சம்பல், பழுத்த பப்பாசித் துண்டு என்பன இரும்புச்சத்து உடலிற் சேர உதவுவன. எருமைத் தயிரும் சிறிது கித்துள் பாணியும் சேர்த்துக் கொடுத்தால் ரொட்டியை வெறுக்கும் பிள்ளையும் உண்ணும்.

சிறு குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்ச விரும்புவோர் குரக்கனை ஓரிரவு ஊறவைத்து, துணியிற் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து அரைக்கலாம். முளைத்த தானியத்தில் மேற்கூறிய தடை குறைகின்றது. கஞ்சியும் நீர்த்து எளிதிற் செரிக்கும். அம்மா ரொட்டிக்கு உதவாது, பிசுபிசுத்துவிடும்.

நீரிழிவு நோயாளருக்கு ஒரு வார்த்தை. குரக்கன் மருந்தன்று, அதுவும் மாப்பொருளே. வெண்ணிறப் பாணுக்குப் பதிலாக அளவோடு இரண்டு ரொட்டி உண்பது நன்மை தரும். குரக்கன்தானே என ஆறு ரொட்டி உண்டால் சீனி ஏறவே செய்யும். வைத்தியர் தந்த மருந்தை எக்காரணத்தாலும் நிறுத்துதல் கூடாது.

முடிவுரை

அப்பெரும்போகத்தில் பெரியவர் தம் விதையை வீட்டின் பின்புறத்தில், வாடல் நோயால் மகன் கைவிட்டிருந்த கத்தரிப் பாத்திகளில் விதைத்தார். அறுவடையின்பின் ஒருநாட் காலையில் அவ்வழியே சென்றேன். அடுப்படியில் அவர் மருமகள் வாழையிலையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அருகிலிருந்து, "இன்னும் மெல்லிதாக, மகளே; நடுவில் வேகாது" எனச் சொல்லிக்கொடுத்தவர் பெரியவரின் மனைவி. வீதியிற் பாண் வண்டியின் இசை கேட்டது. மூத்த பேரன் எழுந்து வாயில்வரை சென்று பார்த்தான். ரொட்டியின் மணம் வரவே திரும்பி வந்து பாயில் அமர்ந்தான். அடுப்பின் மேலே புதிய கதிர்க்கட்டொன்று தொங்கிற்று.

கமக்காரர்களே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். விதை இருப்பின், 100 மணியை எண்ணி ஈரத்துணியில் இட்டுச் சோதியுங்கள். இல்லையெனின், மழை தொடங்குமுன் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள். 20 பேர்ச் நிலமும் அரைக் கிலோகிராம் விதையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.